அனுப்பிய படையைத் திரும்ப அழைப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2006 நவம்பரில் நடந்த இடைக்காலத் தேர்தலில், ஈராக் போரின் மீதிருந்த கசப்பினால் அமெரிக்க மக்கள் தங்கள் நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளையும் ஜனநாயகக் கட்சியிடம் ஒப்படைத்தார்கள். இரண்டே மாதத்தில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் புஷ், மேலும் இருபதாயிரத்துக்கும் அதிகமான வீரர்களை ஈராக்குக்கு அனுப்புவதாக அறிவித்தார். அப்படியானால், அங்கே எந்தக் கட்சி வென்றாலும் போர் தன்போக்கில்தான் நடக்கும் என்று சொல்வதில் என்ன தவறு?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும் நிகழ்வுகள் உண்மை. அவற்றிலிருந்து நீங்கள் வந்தடையும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2007இல் காங்கிரஸ் கைகட்டி நிற்கவில்லை. பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை, கூடுதல் படைகளை எதிர்த்து 246–182 என்ற கணக்கில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அது எவரையும் கட்டுப்படுத்தாத வெறும் கண்டனம். ஏப்ரலில் போருக்கான நிதி மசோதாவிலேயே படைவிலக்கத்துக்கான காலக்கெடுவைச் சேர்த்து அனுப்பினார்கள். மே 1 அன்று புஷ் தன் மறுப்பதிகாரத்தால் அதைத் தடுத்தார் (வீட்டோ செய்தார்). அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் கிடைத்ததோ 222–203. அந்த மாதம் முடிவதற்குள் காலக்கெடு இல்லாத நிதி மசோதா நிறைவேறிவிட்டது.

வீட்டோவைக் கடந்தும் காங்கிரஸிடம் ஒரு வழி இருந்தது: எந்த நிதி மசோதாவையும் நிறைவேற்றாமல் இருந்திருக்கலாம். ஆனால் களத்தில் நிற்கும் வீரனுக்குத் தோட்டாவையும் கவசத்தையும் மறுத்தவர்கள் என்ற பழியோடு அடுத்த தேர்தலைச் சந்திக்க அவர்களில் பெரும்பாலானோர் துணியவில்லை. அயல்மண்ணில் நிற்கும் படையே உள்நாட்டு அரசியலில் அதிபரின் வலுவான வாதமாகிவிடுகிறது. அந்தப் படையை அனுப்பிய முடிவு எவ்வளவு தவறானதாக இருந்தாலும் அந்த வாதம் செல்லுபடியாகிறது.

வியட்நாம் போரில், 1973இல் காங்கிரஸ் வென்றதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் அமெரிக்கா போரிடுவதற்கான நிதியை அது நிறுத்தியது, கம்போடியா மீதான குண்டுவீச்சும் நின்றது. ஆனால் அமெரிக்கப் போர்ப்படைகளும் போர்க்கைதிகளும் மார்ச் மாதமே வியட்நாமிலிருந்து நாடு திரும்பிவிட்டிருந்தார்கள். அப்போதைய அதிபர் நிக்சனோ வாட்டர்கேட் ஊழலில் சிக்கிப் பலவீனப்பட்டிருந்தார். வீரர்களைக் கைவிட்டதாக எவரும் குற்றம்சாட்ட முடியாத ஒரு தருணத்தில்தான் அந்த அதிகாரம் வேலைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் நிக்சனின் வீட்டோவை மீறி நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானம், காங்கிரஸின் ஒப்புதலின்றி மோதலில் இறக்கப்பட்ட படைகளுக்கு அறுபது நாள் வரம்பு விதிக்கிறது. ஈராக்கில் அது பயன்படவில்லை, ஏனென்றால் 2002 அக்டோபரில் காங்கிரஸே ஒப்புதல் அளித்துவிட்டிருந்தது.

ஆகவே 2006ஐவிட முக்கியமான வாக்கெடுப்பு 2002இல் நடந்தது என்பேன். மேலவையான செனட்டில் போருக்கு ஆதரவாக 77–23. அன்று ஆதரித்து வாக்களித்தவர்களில் ஹிலாரி கிளின்டனும் ஒருவர். அதே மாதம் சிகாகோவில் அந்தப் போரை எதிர்த்துப் பேசியவர், அப்போது இல்லினாய் மாநில செனட் உறுப்பினராக மட்டுமே இருந்த பராக் ஒபாமா. 2008இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் இவ்விருவரில் யார் என்பதைத் தீர்மானித்ததில் அந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. தேர்தல் போரை மாற்றுவதைவிட விரைவாகப் போர் தேர்தலை மாற்றிவிடுகிறது. ஆனால் யார் வென்றாலும் ஒன்றுதான் என்பதற்கு இது சான்றாகாது.

இதில் ஒரு முரணும் உண்டு. காங்கிரஸ் கேட்டபோது மறுத்த காலக்கெடுவை, 2008 நவம்பரில் புஷ் அரசே ஈராக் அரசோடு செய்த ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டது: 2011 டிசம்பர் 31. வலியுறுத்தியது பாக்தாத். ஒபாமா அந்தத் தேதியைத்தான் நிறைவேற்றினார்.