உறையும் சுவரொட்டியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாதா திருவிழாவுக்காக எங்கள் பாடகர் குழு எட்டுப் பாடல்களைப் பதிவு செய்து 500 சிடி போடுகிறது. போன முறை உறையின் பின்பக்கத்தில் பாட்டு வரிசையின் முதல் எழுத்துகள் மறைந்துபோயின. இந்த முறை என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முன் அட்டையையே நீட்டிப் பின் தாளாக்கியிருப்பார்கள். வழக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்கு முன் அட்டை 120 × 120 மி.மீ. பின் தாள் 151 × 118 மி.மீ. அதில் இடமும் வலமும் 6.5 மி.மீ. மடிந்து பெட்டியின் முதுகாகிவிடும். ஆகவே பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற அகலம் 138 மி.மீ. மட்டுமே. வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டுக்கும் மடிப்புக்கும் 4 மி.மீ. நெருக்கத்தில் வர வேண்டாம். முதுகில் தொகுப்பின் பெயரும் குழுவின் பெயரும் போதும். அலமாரியில் அடுக்கினால் தெரிவது அது ஒன்றுதான்.

பாடல் வரிகளுக்குப் புத்தகமாகத் தைக்காமல், மூன்றாக மடிக்கும் ஒரே தாள் போடுங்கள். கடற்கரை ஊரில் கம்பித் தையல் துருவேறி, நடுப்பக்கத்தில் கறை இறங்கும். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம் எடை) ஆர்ட் பேப்பர் போதும். உள்ளே மடியும் பக்கத்தை மட்டும் 1 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மடிப்பு புடைத்துப் பெட்டி சரியாக மூடாது. கறுப்புப் பின்னணியில் பொடி எழுத்தை வெள்ளையாக விட்டால் மை பரவிப் புள்ளிகள் அடைந்துவிடும். 'பாடல்' என்பது 'பாடல' ஆகிவிடும். சிறிய எழுத்துக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு மைதான் நல்லது.

பலரும் விட்டுவிடுகிற ஒன்று: 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் வட்டின் மேலும் இருக்க வேண்டும், உறையிலும் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் 'பி' (℗) என்ற குறி ஒலிப்பதிவின் உரிமைக்கு. வட்டத்துக்குள் 'சி' (©) என்பது பாடல் வரி, படம், அட்டை போன்றவற்றுக்கு. பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர், வாத்தியம் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் ஆகியோரின் பெயர்களை இடமில்லை என்று வெட்டாதீர்கள். அவர்கள் உழைப்புக்கு அந்தத் தாள்தான் சாட்சி. இடம் வேண்டுமானால் படத்தைச் சிறிதாக்குங்கள்.

கேள்வி: வெளியீட்டு விழாப் போஸ்டர் சீக்கிரமே வெளுத்துவிட்டது, தேதியே தெரியவில்லை. மையின் குறையா, தாளின் குறையா?
– வாசகர், பாம்பன்

பதில்: தேதியைச் சிவப்பில் போட்டிருப்பீர்கள். அச்சில் சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது. வெயிலில் முதலில் வெளுப்பவை அந்த இரண்டும்தான். நீலமும் கறுப்பும் தாங்கும். தேதி, கிழமை, நேரம், இடம் எல்லாம் கறுப்பிலோ அடர்நீலத்திலோ இருக்கட்டும். சிவப்பை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகை எழுதுவோரின் பொதுக் கணக்கு. சாலைக்கு எதிர்ப்புறம் நாற்பதடியில் நின்று படிக்க நான்கு அங்குல எழுத்து வேண்டும். 20 × 30 அங்குல டபுள் கிரவுன் தாளின் அகலத்தில் அந்த அளவில் நாலைந்து எழுத்துக்கு மேல் பிடிக்காது. அதனால் தூரத்திலிருந்து தெரிய வேண்டிய சொல் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். புரவலர்களின் படங்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் பாட்டுத் தொகுப்பின் பெயரை மூலைக்குத் தள்ளுவது நம் பக்கத்துப் பழக்கம். அதை விட்டே ஆக வேண்டும். தேதியும் மேல் பாதியில் இருக்கட்டும், கீழ் ஓரத்தை ஆடு தின்றுவிடும்.

ஒட்டுவதிலும் தவறு நடக்கிறது. உப்புப் பூத்த சுவரில் பொடியைத் தேய்த்து உதறாமல் ஒட்டினால் பசை பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. கச்சான் காற்றில் தாள் முழுதாகக் கழன்று வரும். ஒரு கிலோ மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறுங்கள். மொத்தத் தண்ணீர் ஆறு லிட்டர் அளவு. சுவரில் ஒரு பூச்சு, தாள் ஒட்டியபின் மேலே மெல்லிய பூச்சு ஒன்று. 70 ஜிஎஸ்எம் தாள் ஊறிப் படியும், தடித்த ஆர்ட் பேப்பர் விறைத்துக்கொண்டு நிற்கும். பூச்சிக்காகப் பைண்டிங் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) சேர்ப்பதுண்டு. தெருச்சுவரில் அது வேண்டவே வேண்டாம். செம்மறியாட்டுக்குச் செம்புச் சத்து நஞ்சு.

கேள்வி: சிடி போடவில்லை, செயலிகளில் மட்டும் பாடலை ஏற்றுகிறோம். போஸ்டரையே சதுரமாக வெட்டி அட்டைப்படமாக்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: வேண்டாம். 1940-ல் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் இசைத்தட்டு உறைகளுக்குப் படம் வரையத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது ஓரடியை ஒட்டிய சதுரம். உங்களுக்குக் கைபேசியில் கிடைப்பது கட்டைவிரல் நகம் அளவு. 3000 × 3000 பிக்சலில், ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலம்) வண்ணத்தில் செய்யுங்கள். தொலைபேசி எண், விலை, இணைய முகவரி இருந்தால் செயலிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடித்ததும் இரண்டு செ.மீ. அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியாவிட்டால் படத்தில் பாதியை எடுத்துவிடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் யூனிகோட் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், எழுத்து அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்துகொண்டு மறுபடி தட்டச்சு செய்யுங்கள்.