காருக்கு செட் மாட்டணும்னா: கேளுங்க, சொல்றேன்

கும்பகோணத்தில் இருபது வருஷமா கார் ஆடியோ வேலை பார்க்கிறேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

மன்னார்குடி: ஒரு செட்டில் 50 வாட் × 4ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 60. எது நல்லது?

ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. இன்ஜின் ஓடும்போது வண்டியில் இருக்கிறதே 14.4 வோல்ட். செட்டுக்குள்ள இருக்கிற சாதாரண ஐ.சி. (சத்தத்தைப் பெருக்குற சின்ன சிப்) அதை வச்சு 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமா தரக்கூடியது ஏறக்குறைய 26 வாட். நஷ்டம் போக 20 பக்கம் நிக்கும். 50ங்கிறது சத்தம் கிழியக் கிழிய வச்சா வர்ற கணக்கு. ஆர்.எம்.எஸ்., அதாவது நிக்காம தொடர்ந்து தர்ற வாட், எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க.

பட்டுக்கோட்டை: சாவியை எடுத்தா டைம், ஸ்டேஷன் எல்லாம் அழிஞ்சுடுது அண்ணே.

செட்டோட மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் மாறிக் கிடக்கு. மஞ்சள் எப்பவும் பேட்டரியில் இருக்கணும், சிவப்பு சாவியில். கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தினீங்களா? வெட்டாதீங்க. உங்க வண்டிக்குன்னு கப்ளர், அதாவது வெட்டாம சேர்க்கிற சொருகு, இருக்கு, சொருகினா வேலை முடிஞ்சது.

திருவாரூர்: நான் கேட்கிறது நாதஸ்வரமும் தவிலும்தான். டிக்கியில் கனமான சத்தத்துக்குன்னு 12 இன்ச் ஊஃபர் ஸ்பீக்கர் வைக்கட்டுமா?

வைக்க வேண்டாம். முதல்ல கதவைப் பாருங்க. போன மாசம் ஒரு வண்டியில் டோர் பேடைக் கழட்டினேன். நாலு ஸ்க்ரூ வேண்டிய ஸ்பீக்கர் ரெண்டு ஸ்க்ரூவில் ஆடிட்டு நிக்குது. கோன்ல ஐப்பசி மழைத் தண்ணி வழிஞ்ச கறை. பின்னால தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் அந்த ஓட்டை வழியா கலந்து ஒண்ணை ஒண்ணு தின்னுடும். அதிர்வை அடக்குற டேம்பிங் ஷீட் ஒட்டி ஓட்டையை அடைச்சு, ஸ்பீக்கருக்கு பிளாஸ்டிக் ரிங் கொடுத்தேன். மர ரிங் நம்ம மழைக்கு ஊறி உப்பிடும். அதே ஸ்பீக்கர், அதே பதிவு. தவிலோட இடது பக்கமான தொப்பியில் கழி விழற அடி அதுவரைக்கும் 'டப்'புன்னு செத்துக் கேட்டது, இப்ப உருண்டு வந்தது.

ஆடுதுறை: இதை ஒத்துக்க மாட்டேன் சார். கோயில் வீதியில் தவில் நெஞ்சில் அடிக்குது. ஊஃபர் இல்லாம அது எப்படி வரும்?

நியாயமான கேள்வி. ஆனா தவில் உயிர் பாதி வலது பக்கமான வலந்தலையில்தான் இருக்கு. விரல்ல கூடு மாட்டி அடிக்கிற அந்தத் தெறிப்பு ஊஃபர்ல வரவே வராது, கதவு ஸ்பீக்கர்லயும், கீச்சு சத்தத்துக்கான சின்ன ட்வீட்டர்லயும்தான் வரும். 12 இன்ச்சை முறுக்கி விட்டா அதுதான் முதல்ல மூழ்கும்.

ஆடுதுறை: அப்ப நெஞ்சில் அடிக்கிறது?

அதுக்கு சீட்டுக்கு அடியில் 8 இன்ச், மூடின பெட்டி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற கனமான சத்தத்தை மட்டும் விடுங்க. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகள்ல ஆழமான கனச் சத்தம் பதிவாகவே இல்லை, எந்த ஊஃபரும் அதைக் கொண்டுவராது. அந்த நாதஸ்வரம் இழையிறதைக் கேட்கணும்னா நடு ஸ்தாயி சுத்தமா இருந்தாப் போதும்.

வேதாரண்யம்: புது ஆண்ட்ராய்டு செட்டில் திருச்சி வானொலி 936 இரையுது.

சிகரெட் லைட்டர்ல சொருகின சார்ஜரைப் பிடுங்கிட்டுக் கேளுங்க. நின்னா அதுதான் குற்றவாளி. நிக்கலன்னா நீல வயர் ஆன்டெனாவுக்குப் போகுதான்னு பாருங்க, பல வண்டியில் அதுல கரன்ட் வந்தாத்தான் ஆன்டெனா வேலை செய்யும். உங்க ஊர் உப்புக் காத்துக்கு ஆன்டெனா அடியில் துருவும் இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேயுங்க.

சீர்காழி: 60 வாட் வாங்கலாமா?

மன்னார்குடிக்குச் சொன்னதுதான்.

பாபநாசம்: ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸ் அடிக்கடி போகுது. 30க்கு பதிலா 60 போடட்டுமா?

கூடவே கூடாது! ஃபியூஸ் வயரைக் காப்பாத்த இருக்கு. பெருசாப் போட்டா அடுத்தது வயர்தான் எரியும். வயர் எங்கே உரசுதுன்னு தேடுங்க. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள்ள இருக்கணும்.

நாகப்பட்டினம்: செட் மாட்டினதிலிருந்து ஏர்பேக் லைட் எரியுது.

அதுல நான் கை வைக்க மாட்டேன். இன்னைக்கே கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

மயிலாடுதுறை: கப்ளர் கிடைக்கல. வெட்டிக்கட்டுமா?

வெட்டாதீங்க! வண்டி மாடல், வருஷம் சொல்லி ஆர்டர் போடுங்க. வர்ற வரைக்கும் பாட்டு இல்லாம ஓட்டுங்க.