எகிப்தியக் கொலைக்கதை எழுதுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: பழைய எகிப்தில் நடக்கும் கொலை மர்ம நாவல் தொடங்கியிருக்கிறேன் சார். எந்த ஊரில் வைக்கலாம்?

பதில்: பிரமிடு பக்கமே போகாதீர்கள். தீப்ஸ் நகரத்துக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் தேர் எல்-மெதினா என்ற ஊர் இருக்கிறது. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். மதிலுக்குள் சுமார் 70 வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. ஊருக்குள் கிணறு கிடையாது. தண்ணீர் கழுதை மேல் வந்தது. அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். கொலைக்கதைக்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி: கைரேகையெல்லாம் கிடையாதே, துப்பறிபவன் எதை வைத்துப் பிடிப்பான்?

பதில்: கணக்கை வைத்து. இந்த ஊரின் அருமையே அதுதான், தயவுசெய்து வீணாக்காதீர்கள். இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவு ஒன்று சுண்ணாம்புக் கல்லில் எழுதப்பட்டு, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆள் வராத தேதி கறுப்பு மையில், அதன் தலைக்கு மேலே காரணம் சிவப்பு மையில்: தேள் கொட்டியது, கண்வலி, பீர் காய்ச்சப் போனான், இறந்த தாயின் உடலைத் துணியால் சுற்றுகிறான். 'கண்வலி' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும் நாளில் அவனை ஆற்றங்கரையில் பார்த்தவர் ஒருவர் இருந்தால் போதும், கதை நகர்ந்துவிடும்.

அடுத்தது உளி. செம்பு உளி அரசாங்கச் சொத்து. திருட்டுப் போகாமலிருக்க, கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் கல் எடையோடு நிறுத்துப் பார்த்தார்கள். எடை அலகு தெபென், ஏறக்குறைய 91 கிராம். கொலைக் கருவி உளி என்றால், அதை ஆற்றில் எறிந்தவன் எடைக்கு என்ன பதில் சொல்வான்? விளக்குத் திரிக்கும் இப்படித்தான், எத்தனை கொடுத்தோம் என்று எழுத்தர் குறித்து வைத்தார்.

கேள்வி: பிணத்தைப் பதப்படுத்துபவர் கொலையைக் கண்டுபிடிக்கலாமா அண்ணா?

பதில்: தாராளமாக. ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். சாவிலிருந்து அடக்கம் வரை வழக்கமாக 70 நாள். தொடக்கத்திலேயே இடது விலாப் பக்கம் கீறி உள்ளுறுப்புகளை எடுத்துவிடுவார்கள். இதயத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். பிறகு சுமார் 40 நாள் நேட்ரான் உப்பில் கிடக்கும். காயத்தைச் சுற்றிய வீக்கம், நிறமாற்றம் எல்லாம் உப்பு ஏறியபின் தெரியாது. 50-ஆம் நாள் துணியை விலக்கிப் பார்த்து 'இது கழுத்து நெரித்த தடம்' என்று சொல்ல வைத்தால் வாசகர் நம்ப மாட்டார். ஆழமான வெட்டு என்றால் வேறு விஷயம். அரசன் மூன்றாம் ராம்செஸின் மம்மி கழுத்தில் தடித்த துணிச்சுற்று. 2012-இல் வெளியான சி.டி. ஸ்கேன் முடிவில்தான் அதன் அடியில் எலும்பு வரை போன வெட்டு தெரிந்தது. காயத்துக்குள் ஹோரஸ் என்ற கடவுளின் கண் வடிவத் தாயத்து ஒன்றும் இருந்தது. வெட்டை மூடிய கைகளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கைகளை உங்கள் சாட்சியாக்குங்கள்.

கேள்வி: வழக்கமாக எங்கே தப்பு வருகிறது?

பதில்: நாணயம், ஒட்டகச் சவாரி, தக்காளி. மூன்றும் அந்தக் கால எகிப்தில் வழக்கத்தில் இல்லை. கூலியே தானியம்தான், லஞ்சம் என்றால் செம்பு, துணி, எண்ணெய் என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஏழு நாள் அல்ல, பத்து. தேதியை அரசனின் ஆட்சியாண்டு, பருவம், மாதம், நாள் என்று கொடுங்கள்.

கேள்வி: கொலைகாரனுக்கு ஊர்ச் சபையே மரண தண்டனை கொடுக்கலாமா?

பதில்: முடியாது. கடனும் கழுதைத் தகராறும் ஊர்ச் சபை தீர்க்கும். உயிர் போகும் வழக்கு தலைமை அமைச்சருக்கும் அரசனுக்கும் போகும். விசாரணையில் பிரம்படி உண்டு, அரசன் பேரில் சத்தியம் உண்டு. மூன்றாம் ராம்செஸுக்கு எதிரான அந்தப்புரச் சதி வழக்கில், குற்றவாளிப் பெண்களோடு கூடிக் குடித்த நீதிபதிகளுக்கே மூக்கும் காதும் அறுபட்டன. சதியில் சிக்கிய இளவரசன் பெந்தவேரே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். தண்டனை அதோடு நிற்கவில்லை. ஆவணத்தில் குற்றவாளிகளின் பெயரையே திரித்து எழுதினார்கள். ஒருவன் பெயர் 'மெசெத்சூரே', அதாவது 'சூரியக் கடவுள் ரா அவனை வெறுக்கிறார்'. எந்தத் தாயும் அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டாள். உங்கள் துப்பறிபவன் எழுத்தராக இருந்தால், கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெயரை எழுத வேண்டியவன் அவன்தான்.