டிரினிடாட் கொடியைக் கட்டுமுன் பட்டையைப் பாருங்கள்

தம்பி, டிரினிடாட்டின் சான் பெர்னாண்டோ நகருக்கு வேலைக்கு வந்திருக்கிறேன், ஆகஸ்ட் 31 சுதந்திர தினத்துக்கு வாசலில் இந்த நாட்டுக் கொடியை ஏற்றலாமா, பக்கத்தில் நம் கொடியும் வைக்கலாமா, வீட்டு வாடகை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை விவரம் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கொடிக்கு நான் வருகிறேன்.

தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் நம்மவர்கள் இதில்தான் தவறு செய்கிறார்கள். நம் கொடியில் காவி மேலே என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். இதில் மேலேயும் சிவப்பு, கீழேயும் சிவப்பு. அதனால் வெள்ளை விளிம்பு வைத்த கறுப்புப் பட்டையைப் பாருங்கள். கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் தொடங்கி எதிர்ப்பக்கக் கீழ் மூலையில் அது முடிய வேண்டும். கம்பத்தின் கீழ் மூலையிலிருந்து மேலே ஏறினால் கொடி தலைகீழ். கயிற்றில் கோப்பதற்கு முன்பே, தரையில் படாமல் இரண்டு பேர் விரித்துப் பிடித்துச் சரிபாருங்கள்.

மூன்றடி உயரத்துக்கு ஐந்தடி நீளம் வாங்குங்கள். 3க்கு 6 கிடைத்தால் வேண்டாம். 1:2 அளவு வணிகக் கப்பலுக்கானது. நம் கொடிக்குத் தனிக் கம்பம், அதே உயரம், அதே அளவு. ஒரே கம்பத்தில் இரண்டையும் கட்டவே கூடாது. பொழுது சாயும்போது இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று: ராணுவப் புள்ளி போட்ட உடையை இங்கே பொதுமக்கள் அணிவது குற்றம். பெட்டியில் இருந்தால் ஊருக்கே அனுப்பிவிடுங்கள்.

பத்து வருடம் இங்கே இருந்துவிட்டு, பச்சையும் மஞ்சளும் கலந்த ஜமைக்கா கொடியைப் போட்டு வாழ்த்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஜமைக்காவின் சுதந்திரம் 1962 ஆகஸ்ட் 6, டிரினிடாட்டுடையது அதே மாதம் 31. சோறு போடும் ஊரின் கொடி தெரிய வேண்டாமா? சிவப்பு ரத்தம், கறுப்பு அடிமைத்தனம் என்று கதை கட்டுபவர்களையும் நம்பாதீர்கள். சிவப்பு நெருப்பு: மண்ணின் துடிப்பு, வெயில், மக்களின் துணிச்சல். வெள்ளை நீர்: தீவுகளைச் சேர்க்கும் கடல், வெயிலின் கீழ் எல்லோரும் சமம். கறுப்பு நிலம்: மக்களைக் கட்டிவைக்கும் உறுதி. ஆப்பிரிக்கர், 1845இல் ஃபாத்தேல் ரசாக் கப்பலில் தொடங்கி வந்த இந்தியர், சீனர் என்று எல்லோரும் வாழும் நாட்டில் எந்த இனத்துக்கும் தனி நிறம் கொடுக்காததுதான் இதன் அழகு.

இதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சீன வம்சாவளி ஓவியர் கார்லைல் சாங். பியார்கோ விமான நிலையத்தில் அவர் வரைந்த பெரிய சுவரோவியத்தை 1979இல் கட்டட விரிவாக்கத்துக்காக இடித்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.