முழங்கால் வலி உள்ளவர் எந்த சைக்கிளை வாங்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 52. கல்லூரிக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மாடிப்படி ஏறி இறங்கும்போது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. தேய்மானத்தின் தொடக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மீண்டும் சைக்கிள் ஓட்டலாமா? எப்படிப்பட்ட சைக்கிளை வாங்க வேண்டும்?

மருத்துவர் பதில்: தாராளமாக ஓட்டலாம். நடக்கும்போதும் படி ஏறும்போதும் உடலின் முழு எடையும் முழங்காலில் இறங்குகிறது; சைக்கிளில் அதன் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்வதால், தேய்மானம் தொடங்கிய மூட்டுக்கு அது ஏற்ற பயிற்சி. ஆனால் வேகமாக நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, சிறிய வேலைக்கே மூச்சு வாங்குவதோ இருந்தாலும், மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் கட்டுக்குள் வராமல் இருந்தாலும், முதலில் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த வகை சைக்கிள் என்பதைவிட, அதன் சீட் உங்கள் காலுக்குப் பொருந்தும் உயரத்தில் இருக்கிறதா என்பதே உங்கள் முழங்காலின் நலனைத் தீர்மானிக்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓட்டுபவர்களுக்கு விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் இருக்கும். அதனால் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும்படி சீட்டைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அப்படித் தாழ்த்தும்போது, மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, முழங்கால் சில்லு தொடை எலும்பின் மீது அழுந்துகிறது. படி ஏறும்போது உங்களுக்கு வலிப்பதும் அதே இடம்தான். சைக்கிள் வாங்கிய பிறகு முழங்கால் வலி கூடிவிட்டது என்று என்னிடம் வந்த ஒருவரை, அடுத்த முறை சைக்கிளோடு வரச் சொன்னேன். அவர் ஏறி அமர்ந்து மிதித்தபோது முழங்கால் ஏறக்குறைய ஹேண்டில்பார் வரை எழும்பியது. சீட்டைச் சில நாட்கள் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். வேறு சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை.

கடையிலேயே நீங்கள் இதைச் சரிபார்க்கலாம். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக அமர்ந்து, பெடலை அதன் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒருபக்கம் சாயாமல் கால் முழுமையாக நீள வேண்டும். பிறகு, ஓட்டும்போது மிதிப்பதுபோலப் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால், முழங்கால் இலேசாக மடங்கி நிற்கும். அந்த மடிப்பு 25 முதல் 35 பாகை வரை இருப்பது நல்லது. இந்த உயரத்தில் அமர்ந்தால் தரையில் விரல்நுனிதான் எட்டும். அது அச்சம் தருவது இயல்பே. எனவே முதல் சில நாட்கள் ஆளில்லாத சமதளத்தில் சீட்டைச் சற்றுத் தாழ்த்தியே ஓட்டிச் சமநிலை பழகிவிட்டு, அதன்பின் படிப்படியாக உயர்த்துங்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழகுங்கள். இதற்கு, குறுக்குக் கம்பி தாழ்ந்து வளைந்த சட்டகம் மிகவும் உதவும். அதை மகளிர் சைக்கிள் என்று சிலர் ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. இடுப்பும் முழங்காலும் விறைத்தவர்கள் காலைத் தூக்கி வீசாமல் ஏறி இறங்க அதைவிட நல்ல அமைப்பு இல்லை.

ஹேண்டில்பார் சீட்டின் உயரத்திலோ சற்று மேலாகவோ இருந்தால் முதுகும் கழுத்தும் வளையாது, உள்ளங்கையில் நரம்பு அழுந்தி சுண்டுவிரல் மரத்துப்போவதும் குறையும். சீட் மெத்தென்று இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அமரும்போது எடையைத் தாங்க வேண்டியவை பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகள். மிக மென்மையான சீட்டில் அவை புதைந்து, நடுவிலுள்ள நரம்புகள் அழுந்தி மரத்துப்போகும்.

உங்களுக்குக் கியர் உள்ள சைக்கிளையே பரிந்துரைக்கிறேன். கனமான கியரில் மெதுவாக ஊன்றி மிதிப்பது முழங்காலுக்குச் சுமை. இலகுவான கியரில் நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று வரை மிதிப்பது பாதுகாப்பானது. ஒரு காலை மட்டும் கவனித்து 15 விநாடிகள் எண்ணினால், 18 முதல் 20 சுற்று வர வேண்டும்.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், சமதளத்தில் 15 நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குப் பரிந்துரைக்கும், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியை எட்டச் சில மாதங்கள் ஆனாலும் தவறில்லை. அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பு ஏறுவதைக் கட்டுப்படுத்துவதால், அவற்றைச் சாப்பிடுபவர்கள் நாடியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. ஓட்டிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்தால், அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றுவதைத் தவிர்க்கலாம். தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டைச் சற்று உயர்த்துங்கள். பின்பக்கம் வலித்தால் சற்றுத் தாழ்த்துங்கள். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்ற வேண்டாம். மூட்டு வீங்கினாலோ, மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். சரியான உயரம் அமைந்ததும் சீட் கம்பியில் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது சீட்டைத் தாழ்த்தி ஓட்டினாலும், மறுநாள் உங்கள் அளவு உங்களுக்குக் கிடைத்துவிடும்.