யாழினி என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. யாழினி என்று பெயர் வைக்க எனக்கும் கணவருக்கும் ஆசை. மாமியாரோ, "யாழே வழக்கொழிந்து போச்சு, அந்தப் பெயரையா பிள்ளைக்கு வைப்பது?" என்று வருத்தப்படுகிறார். சங்க காலப் பெயர் என்று இணையத்தில் பார்த்தேன். அது சரிதானா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: யாழினி நம் காலத்தில் உருவான பெயர். ஆனால் அது அமைந்திருக்கும் விதம் ரொம்பப் பழசு. பாடுகிறவள் பாடினி. புறநானூற்றின் 11ஆம் பாட்டில் ஒரு பாடினி பொன் நகை பரிசு பெறுகிறாள், அதைப் பாடிய புலவரும் ஒரு பெண்தான், பேய்மகள் இளவெயினி. பாடினி, எயினி என்ற அதே ஓசையில் வருகிறது யாழினி. யாழ் மீட்டுகிறவள், யாழ் போல இனிமையானவள் என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம், இரண்டும் நல்ல பொருள்தான்.

பொருநராற்றுப்படை என்ற சங்க நூலில் முடத்தாமக்கண்ணியார் யாழை அங்கம் அங்கமாக வருணித்துக்கொண்டே வருவார். அதன் பத்தலை, அதாவது குடம் போன்ற அடிப்பகுதியை, மான் குளம்பு பதிந்த தடத்துக்கு ஒப்பிடுவார். அப்புறம் தோல் போர்வைக்கு வருவார். தோலின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்த இடம், இளஞ்சூல் கொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுங்காக இறங்குமே, அது மாதிரி இருக்கிறதாம்! கருவுற்ற வயிற்றை யாழில் பார்த்திருக்கிறார் அந்தப் புலவர். ஒரு குழந்தையின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமாக நான் எதைச் சொல்ல?

மாமியாரின் வருத்தத்துக்கு வருவோம். உங்கள் ஊரிலிருந்து வேதாரண்யம் ஒன்றும் தூரமில்லை, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அங்கே அம்பாளின் பெயரே யாழைப் பழித்த மொழியாள். சம்பந்தரின் தேவாரத்துக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் 63 நாயன்மார்களில் ஒருவர். அம்மன் பெயரிலும் அடியார் பெயரிலும் நிற்கிற சொல்லில் குறை காண ஒன்றுமில்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். வழக்கில் குறைந்துபோனது வாத்தியம்தான், அதைக் கூட விபுலானந்த அடிகள் பல வருடம் ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார், இன்றைக்கும் யாழ் செய்து வாசிக்கிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு எழுத்து கிடையாது. 'எல்' போட்டால் யாலினி என்பார்கள், 'இசட் எச்' போட்டால் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவார்கள். எதை எழுதினாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் அதையே எழுதுங்கள். அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பதிந்துவிட்டால் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குள் மாமியாரையும் சம்மதிக்க வைத்துவிடலாம்.