2-ஏஜி அளவு எலிக்கு எலி மாறுவது ஏன்?

கேள்வி: புதுச்சேரியில் எலி மூளைத் திசு எடுத்து, சென்னையில் எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸில் (கலவையைக் குரோமட்டோகிராபியால் பிரித்து, மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் கருவி) ஆனந்தமைடும் 2-ஏஜியும் (2-அராக்கிடோனாயில் கிளிசரால்) அளக்கிறோம்; இரண்டும் மூளை தானே உண்டாக்கும் கஞ்சா போன்ற கொழுப்புப் பொருள்கள். ஒரே குழுவிலேயே 2-ஏஜி மூன்று மடங்கு வரை மாறுகிறது. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு பீக்கும் (வரைபடத்தில் முகடு) வருகிறது. கருவிக் கோளாறா?

பதில்: கருவியைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். உயிர் போன பிறகும் நொதிகள் ஓய்வதில்லை. 2-ஏஜி சில நிமிடங்களிலேயே ஏறிவிடும். ஒரு மூளையை 2 நிமிடத்திலும் அடுத்ததை 6 நிமிடத்திலும் உறைய வைத்தால், நீங்கள் அளப்பது உங்கள் கைவேகத்தைத்தான். எல்லா எலிக்கும் ஒரே நேரக் கணக்கு வைத்து, உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள்.

அந்த இன்னொரு பீக் பெரும்பாலும் 1-ஏஜி, அதாவது 2-ஏஜியின் மாற்று வடிவம். கொழுப்புச் சங்கிலி கிளிசராலின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். இரண்டுக்கும் 379→287 (அயனியின் எடை 379, அது உடைந்து வரும் துண்டு 287) என்பதால் மாஸ் ஸ்பெக் பிரித்துக் காட்டாது. குரோமட்டோகிராபிதான் பிரிக்க வேண்டும். எங்கே நகர்ந்தது என்பதை இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (தெரிந்த அளவில் நாமே சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்) காட்டிக்கொடுக்கும். 2-ஏஜி-டி5ஐ (ஐந்து ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் உள்ள 2-ஏஜி) திசுவை அரைப்பதற்கு முன்பே கரைப்பானில் சேர்த்து, 384→287 சேனலைப் பாருங்கள். அதிலும் அதே விகிதத்தில் இரண்டாவது பீக் இருந்தால் பிரித்தெடுப்பில் கோளாறு (2-ஏஜி-டி5 மூலக்கரைசலே கெட்டிருக்கிறதா என்று தனியே ஓட்டிப் பாருங்கள்). அங்கே சுத்தமாக இருந்து சாம்பிளின் 2-ஏஜியில் மட்டும் வந்தால், பிரித்தெடுப்புக்கு முன்பே நகர்ந்திருக்கிறது; திசு வழியில் உருகியிருக்கலாம்.

பிரித்தெடுப்பில் மெத்தனாலைத் தவிருங்கள், இந்த நகர்வை அது தூண்டும். 30 மி.கி. திசுவுக்கு −20 டிகிரி அசிட்டோநைட்ரைல் 600 மைக்ரோலிட்டர் போதும். நைட்ரஜனில் உலர்த்தும்போது 30 டிகிரியைத் தாண்டாதீர்கள்; ஆட்டோசாம்ப்ளர் (சாம்பிள்களைக் கருவிக்குள் செலுத்தும் பகுதி) 4 டிகிரியில் இருக்கட்டும், அன்றைக்கே ஓட்டிவிடுங்கள். அப்படியும் கொஞ்சம் நகரும், ஆகவே இரண்டு பீக்கின் கூட்டுத்தொகையையும் குறிப்பிடுவதே நேர்மை.

ஆனந்தமைடு கிராமுக்குப் பிக்கோமோல் அளவு, 2-ஏஜி நானோமோல் அளவு. ஒரே ஓட்டத்தில் இரண்டையும் பிடிக்க நினைத்தால் ஒன்று தெரியாது, இன்னொன்று டிடெக்டரை நிரப்பிவிடும். அதே சாற்றை நீர்க்கச் செய்து 2-ஏஜிக்குத் தனியே ஓட்டுங்கள். ஆனந்தமைடின் 348→62 சிக்னல் மங்கினால், திசுவின் பாஸ்போலிப்பிடுகள் (செல் சவ்வுக் கொழுப்புகள்) அதை அமுக்குகின்றனவா என்று அவற்றின் 184→184 சேனலில் பாருங்கள். (1992இல் ஆனந்தமைடுக்குப் பெயர் வைத்தவர்கள் நம் ‘ஆனந்த’த்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்; அளப்பவருக்கு அது கிடைப்பது அரிது.)

சென்னைக்கு உறைந்த திசுவாகவே உலர்பனியில் அனுப்புங்கள், சாறாக வேண்டாம். எடையை ஏசி அறையில் போடுங்கள். கடற்கரைக் காற்றில் குழாயைத் திறந்ததும் வெண்பனி படரும், 30 மி.கி. துண்டில் 3 மி.கி. பனி சேர்ந்தாலே கிட்டத்தட்ட 10 சதவீதப் பிழை.

அடுத்த தொகுதிக்கு முன் ஒரு மூளையைத் திரவ நைட்ரஜனில் பொடித்து ஆறு பங்காக்கி ஓட்டுங்கள். ஆறும் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், கோளாறு பெரும்பாலும் உறைய வைப்பதற்கு முந்தைய நிமிடங்களில்தான்.